அவைக்கு ஓய்வு எப்போது?

பள்ளிக்கும் கல்லூரிக்கும் விடுமுறை உண்டு. நீதிமன்றத்துக்கும் விடுமுறை உண்டு. நாட்டின் சட்டங்களை இயற்றும் அவைகளுக்கும் அவ்வாறே ஓய்வுக்காலம் உண்டு என்பதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆயினும், பள்ளி விடுமுறையைப் பற்றி நாம் கொள்ளும் ஆவலில் பத்தில் ஒரு பங்கு கூட இந்த ஓய்வுக்காலத்தைப் பற்றிக் கொள்வதில்லை. அஃது உறுப்பினர்களின் சொந்த வசதியைச் சார்ந்த சிறு செய்தி என்று எண்ணி, அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறோம்.

அஃது அவ்வளவு சிறு செய்தி அன்று என்பதே இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது. மக்களின் பிரதிநிதிகள் எந்தப் பருவத்தில் கூடுகிறார்கள்? எந்தப் பருவத்தில் பிரிந்து செல்கிறார்கள்? பிரியும் நாளையும் கூடும் நாளையும் குறிப்பவர் யார்? இந்த மூன்று கேள்விகளும் மக்களாட்சியின் உயிர்நிலையைத் தொடுபவை. 1939ஆம் ஆண்டில், உலகப் போர் மூள்வதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, பிரிட்டிஷ் பாராளுமன்றம் இக்கேள்வியைக் குறித்துக் கடுமையாக வாதிட்டது. அந்த வாதத்தின் பொருளை உணர்வதற்கு முதலில் சில அடிப்படைச் செய்திகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டசபையின் வேலை நிற்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஒரு குறிப்பிட்ட நாள் வரை அவையை ஒத்திவைப்பது. பேசிக்கொண்டிருந்தவர்கள், விட்ட இடத்தில் தொடர்வோம் என்று சொல்லி எழுந்திருப்பதைப் போன்றது இது. இரண்டாவது, கூட்டத்தொடரையே முடித்து வைப்பது. நம் நாட்டில் இதைக் குடியரசுத் தலைவர், அமைச்சரவையின் ஆலோசனைப்படி செய்கிறார். மூன்றாவது, அவையைக் கலைத்துவிடுவது, அதன்பின் பொதுத்தேர்தல்தான். நாம் பருவகால ஓய்வு என்று சொல்லும்போது, முதல் இரண்டு வழிகளில் ஒன்றால் அவை சில வாரங்களோ மாதங்களோ கூடாமல் இருப்பதையே குறிக்கிறோம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஓய்வு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஊதியம் பெறும் உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் அமர்ந்து வேலை செய்யக்கூடாதா? கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. ஆனால், ஓர் உறுப்பினரின் கடமை அவை மண்டபத்தில் மட்டும் அடங்குவதன்று. தொகுதிக்குச் சென்று, ஏரிக்கரை உடைந்ததையும் ரேஷன் கடையில் அரிசி வராததையும் நேரில் கண்டால்தான், அவையில் எழுந்து கேட்பதற்கு அவருக்கு ஒரு கேள்வி கிடைக்கும். தலைநகரிலேயே தங்கிவிட்ட பிரதிநிதி, சில மாதங்களில் தலைநகரின் பிரதிநிதியாகவே ஆகிவிடுவார். அமைச்சர்களுக்கும் தங்கள் இலாகாவைக் கவனிக்க அவகாசம் வேண்டும். நீண்ட மசோதாவைப் படித்துப் பார்க்கவும், குழுக்களில் அமர்ந்து கணக்குகளைத் துருவி ஆராயவும் அவகாசம் வேண்டும். 1993ஆம் ஆண்டு முதல் நம் பாராளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் இயங்கி வருகின்றன. வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்ட பின், அவை சில வாரங்கள் கூடாமல் இருக்க, அக்குழுக்கள் ஒவ்வோர் அமைச்சகமும் கேட்கும் தொகையை ஆராய்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது விடுமுறை. உள்ளே இருப்பவருக்கு அதுவே மிகக் கடினமான வேலைக்காலம். ஆகவே ஓய்வு தேவைதான். அது எப்பருவத்தில் வரவேண்டும் என்பதே அடுத்த கேள்வி.

பழங்காலத்தில் இதற்கு விடை கூறியவை வானமும் வயலும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள். குளிர்காலத்தில் லண்டனில் கூடிப் பேசுவார்கள். கோடை முதிர்ந்ததும் தங்கள் கிராமத்து மாளிகைகளுக்குத் திரும்புவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு தேதியும் சேர்ந்துகொண்டது. 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையைச் சுடும் பருவம் ஆகஸ்டு 12ஆம் தேதி தொடங்குகிறது. அதற்கு முன்னதாகவே அலுவலை முடித்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகளுக்குப் புறப்பட்டுவிட வேண்டும் என்பது பல உறுப்பினர்களின் பெருவிருப்பமாக இருந்தது. ஒரு பேரரசின் சட்டங்கள் ஒரு பறவையின் பருவத்துக்கு ஏற்ப விரைவுபடுத்தப்பட்டன என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், அந்நாளில் அவையில் இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்பதை அந்தத் தேதி நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஆகஸ்டு மாதத்தில் வேட்டை ஏது?

இங்கே இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1858ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனில் கடும் வெப்பம். நகரத்தின் சாக்கடை அனைத்தும் தேம்ஸ் நதியில் கலந்து வந்த காலம் அது. நதி நாறியது. பாராளுமன்றக் கட்டடமோ நதியின் கரையிலேயே நிற்கிறது. சன்னல் திரைகளைச் சுண்ணக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் நிறைவேறாமல் இருந்த கழிவுநீர்த் திட்டத்துக்கு அப்போதுதான் வழி பிறந்தது. டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா பதினெட்டே நாட்களில் சட்டமாயிற்று. பொறியியலாளர் ஜோசப் பேசல்ஜெட் அமைத்த பெரும் கழிவுநீர்க் குழாய்கள் அச்சட்டத்தின் பயனே. அந்த நாற்றம் செப்டம்பரில் வந்திருந்தால் உறுப்பினர்கள் மலைக்காற்றில் இருந்திருப்பார்கள்; ஏழைகள் மட்டும் நதிக்கரையில் இருந்திருப்பார்கள். பிரதிநிதிகள் மக்களோடு எந்தப் பருவத்தை அனுபவிக்கிறார்களோ, அந்தப் பருவத்தின் துன்பமே விரைவில் சட்டமன்றத்தின் காதில் விழுகிறது. ஓய்வுக்காலத்தைக் குறிப்பவர்கள் மறக்கக்கூடாத முதற் பாடம் இது.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் வெப்பமே நெடுங்காலம் நாளைக் குறித்தது. வாஷிங்டன் நகரின் கோடை புழுக்கம் நிறைந்தது. 1920களின் இறுதியில் அவை மண்டபங்களில் குளிர்சாதனம் பொருத்தப்பட்டது. வெயில் என்ற காரணம் பாதி அகன்றது; அலுவலோ பெருகிக்கொண்டே போயிற்று. 1963ஆம் ஆண்டில் செனட் சபை ஜனவரி முதல் டிசம்பர் வரை, வார இறுதியோடு ஒட்டிய மூன்று நாளுக்கு மேற்பட்ட இடைவெளியே இல்லாமல், தொடர்ந்து நடந்தது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று எவருக்கும் தெரியாது. வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் கேல் மக்கீ முதலியோர் இதை மாற்ற முயன்றார்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளை உடைய இளம் உறுப்பினர்கள் அவர்களுக்கு ஆதரவு தந்தார்கள். 1970ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமன்றச் சீரமைப்புச் சட்டம் ஆகஸ்டு மாத ஓய்வை விதியாக்கியது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. காங்கிரஸ் பிரகடனம் செய்த போர் நடக்கும் ஆண்டில் அந்த ஓய்வு விதி செல்லாது. ஓய்வைக் குறிக்கும்போதே ஆபத்தையும் நினைத்துப் பார்த்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

பிள்ளைகளின் பள்ளி என்றேன். இஃது அற்பக் காரணமோ என்று எண்ணாதீர்கள். ஸ்காட்லாந்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஜூன் இறுதியிலேயே தொடங்கி, ஆகஸ்டு நடுவில் முடிந்துவிடும். லண்டன் பாராளுமன்றமோ வழக்கமாக ஜூலை பிற்பகுதியில்தான் ஓய்வுக்குப் பிரிகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த உறுப்பினர் வீடு திரும்பும்போது, பிள்ளைகளின் விடுமுறையில் பாதி கழிந்திருக்கும். 1999ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் ஏற்பட்டபோது, ஓய்வு நாட்களைக் குறிக்கையில் ஸ்காட்லாந்தின் எப்பகுதியிலும் பள்ளி விடுமுறை எப்போது வருகிறது என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றே அதன் விதிகளில் எழுதிவைத்தார்கள். இளந்தாய்மார்களும் தந்தைமார்களும் அவைக்கு வரவேண்டுமானால், இத்தகைய விதியும் ஒரு வாயிற்படியாகும்.

நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியில் கோடை வந்ததும் இந்திய அரசாங்கம் சிம்லா மலைக்கு ஏறிவிடும். சென்னை அரசாங்கம் உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். மத்திய சட்டசபை ஆண்டின் தொடக்கத்தில் டில்லியிலும், கோடை கழிந்தபின் சிம்லாவிலும் கூடியது. விட்டல்பாய் படேல் 1925ஆம் ஆண்டில் அச்சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சிம்லாவிலேதான். சமவெளியில் மக்கள் வெயிலில் உழைக்க, ஆட்சி மலைக்குளிரில் நடந்தது. விடுதலைக்குப் பின் அந்தப் பழக்கம் தேய்ந்தது. டில்லியிலேயே ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர்கள் என்ற மரபு வேரூன்றியது. வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர், மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர் என்று அவற்றை அழைக்கிறோம். பெயரிலேயே பருவம் இருக்கிறது பாருங்கள்!

ஆனால் யாருடைய பருவம்? மழைக்காலக் கூட்டத்தொடர் என்பது தென்மேற்குப் பருவமழையை வைத்து எழுந்த பெயர். தமிழகத்தின் கீழ்க்கரைக்குப் பெருமழை வருவதோ ஐப்பசி, கார்த்திகையில். நம் கடற்கரையில் புயல் வீசும் நாட்களில் டில்லியில் நடப்பது குளிர்காலக் கூட்டத்தொடர். இவ்வளவு பரந்த நாட்டில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பருவம் கிடையாது. நவராத்திரி, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விழாக்களும் பல. எந்த நாளைக் குறித்தாலும் எவருக்கோ இடர்ப்பாடுதான். அப்படியானால் என்ன செய்வது? எல்லோருக்கும் முன்னதாகத் தெரியும்படி குறித்துவிடுவதே நியாயம்.

இந்த எண்ணம் நம் பாராளுமன்றத்துக்குப் புதிதன்று. 1955ஆம் ஆண்டிலேயே மக்களவையின் பொதுநோக்கக் குழு ஒரு நாட்காட்டியை வகுத்துத் தந்தது. வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் பிப்ரவரி 1 முதல் மே 7 வரை. அடுத்தது ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை. குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் 5ஆம் நாளோ தீபாவளிக்கு நான்காம் நாளோ, எது பிந்தியதோ அன்று தொடங்கி டிசம்பர் 22 வரை. எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு! கோடையும் விழாவும் நிதியாண்டும் அதில் இடம்பெற்றிருந்தன. அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த நாட்காட்டி நடைமுறைக்கு வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் நாளைக் குறிக்கும் உரிமை அமைச்சரவையிடமே தங்கிவிட்டது.

அதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். அவை கூடாத நாட்களில் என்ன நின்றுபோகிறது என்று எண்ணிப் பாருங்கள். அமைச்சரை எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்பது நின்றுபோகிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும் வழி அடைபடுகிறது. அதோடு, நம் அரசியலமைப்பின் 123ஆம் பிரிவின்படி, இரண்டு அவைகளும் ஒருங்கே கூட்டத்தொடரில் இருக்கும் காலம் நீங்கலாக, மற்றக் காலங்களில் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். மாநிலங்களில் ஆளுநருக்கும் இத்தகைய அதிகாரம் உண்டு. அவை மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அச்சட்டம் காலாவதியாகும் என்ற கடிவாளமும் இருக்கிறது. ஆனால் கடிவாளத்தைத் தளர்த்தக் கற்றவர்களும் இருந்தார்கள். பீகார் மாநிலத்தில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றுள் பல மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, சில 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டன. பொருளாதாரப் பேராசிரியர் டி. சி. வாத்வா இதை ஆராய்ந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். சட்டமன்றத்தின் முன் வைக்காமலே இப்படிப் புதுப்பித்துக்கொண்டு போவது அரசியலமைப்பை ஏமாற்றும் செயல் என்று 1986ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை கூடுவதும் பிரிவதும் அரசாங்கத்தின் கையில் மட்டும் இருந்தால், ஓய்வுக்காலம் எதற்குப் பயன்படக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்த அபாயத்தை ஆங்கிலேயர் முன்பே கண்டவர்கள். முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை 11 ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். மீண்டும் கூடிய உறுப்பினர்கள் 1641ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பாராளுமன்றம் கூடவேண்டும். கூடினால் 50 நாட்களாவது நடக்கவேண்டும். மன்னர் கூட்டாவிட்டால் வேறு வழியில் கூட்டிக்கொள்ளலாம் என்றது அச்சட்டம். ஓய்வுக்கு எல்லை வகுப்பதே உரிமையின் தொடக்கம் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி, நான் முதலில் குறிப்பிட்ட 1939ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஆகஸ்டு 2ஆம் தேதி. ஐரோப்பாவின் மேல் போர்மேகம் கவிந்திருந்தது. ஹிட்லர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் பிராகா நகரைக் கைப்பற்றியிருந்தார். அடுத்த குறி போலந்து என்பதை எல்லோரும் அறிவர். அந்த நிலையில் பிரதமர் நெவில் சேம்பர்லின், வழக்கம்போல ஆகஸ்டு 4ஆம் தேதி அவை பிரிந்து, அக்டோபர் 3ஆம் தேதி மீண்டும் கூடலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தொழிற்கட்சியின் சார்பில் ஆர்தர் கிரீன்வுட், ஆகஸ்டு 21ஆம் தேதியே கூடவேண்டும் என்று திருத்தம் கூறினார். ஆளுங்கட்சியைச் சேர்ந்த வின்ஸ்டன் சர்ச்சில் எழுந்து, எதிரி படை திரட்டி நிற்கும் வேளையில் பாராளுமன்றத்தைப் பார்த்து வீட்டுக்குப் போ என்று சொல்வது தகாது என்று கண்டித்தார்.

பிரதமர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. அவசரம் நேர்ந்தால் அவையை முன்னதாகவே கூட்டலாம். விதியில் அதற்கு வழி இருக்கிறது. என்மீது நம்பிக்கை வையுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். ஆனால் அந்த வழியின் திறவுகோல் அரசாங்கத்திடமே இருந்தது. அரசாங்கம் கேட்டுக்கொண்டால்தான் சபாநாயகர் அவையைக் கூட்டலாம். பிரதமர் தம் தீர்மானத்தை நம்பிக்கை வாக்கெடுப்பாகவே ஆக்கிவிட்டார். அதாவது, விடுமுறைத் தேதியை எதிர்ப்பவர் ஆட்சியையே எதிர்ப்பவர் என்றாயிற்று. அப்போது எழுந்தார் ஒரு முப்பத்திரண்டு வயது இளைஞர். பெயர் ரொனால்டு கார்ட்லாண்டு. பிரதமரைப் போலவே பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்தவர், அவருடைய கட்சியினரே. இன்னும் ஒரு மாதத்தில் நாங்கள் போர்க்களத்தில் நின்று மடிய நேரிடலாம். இந்த நேரத்தில் நாட்டை ஒன்றுபடுத்தாமல் கட்சிச் சண்டையில் வெற்றி தேடலாமா என்று தம் தலைவரையே நோக்கி அவர் வருந்திக் கேட்டார். தீர்மானம் பிரதமர் விரும்பியபடியே நிறைவேறியது.

பின் நடந்தது என்ன? ஆகஸ்டு 23ஆம் தேதி ஜெர்மனியும் சோவியத் நாடும் உடன்படிக்கை செய்துகொண்டன. 24ஆம் தேதியே பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டவேண்டி வந்தது. ஒரே நாளில் அவசர அதிகாரச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 1ஆம் தேதி போலந்து தாக்கப்பட்டது. 3ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. கார்ட்லாண்டு போர்முனைக்குச் சென்றார். 1940ஆம் ஆண்டு மே மாதத்தில், டன்கிர்க் துறைமுகத்தை நோக்கிப் படை பின்வாங்கும்போது உயிர் நீத்தார்.

அவை கூட்டப்பட்டுவிட்டதே, பிறகு குறை என்ன என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், பிரதமர் வாக்குத் தவறவில்லை. ஆயினும் அன்று எழுந்த கேள்வி ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றியது அன்று. அரசாங்கத்தைக் கண்காணிக்கவேண்டிய அவை, கூடுவதற்கே அரசாங்கத்தின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கலாமா என்பதே கேள்வி. நல்லவர் கையில் இருக்கும்போது திறவுகோலைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் விதிகள் எழுதப்படுவது நல்லவர் அல்லாதாரையும் மனத்தில் வைத்துத்தான்.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் அதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிவதைக் குறித்துப் பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்த வேளையில், பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி பாராளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வார காலத்துக்கு முடித்து வைக்கப்பட்டது. முதலில் நான் சொன்ன வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. பிரிட்டனில் ஓய்வுக்குப் பிரிவதானால் ஒவ்வோர் அவையும் தானே தீர்மானித்துக்கொள்ளும். குழுக்கள் அக்காலத்திலும் வேலை செய்யலாம். கூட்டத்தொடர் முடித்து வைக்கப்பட்டாலோ அவைக்கும் வாயில்லை, குழுக்களுக்கும் வாயில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தக்க காரணமின்றிப் பாராளுமன்றத்தின் கடமையைத் தடுப்பது சட்டத்துக்கு மாறானது என்று, செப்டம்பர் 24ஆம் தேதி, 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுநாளே அவை கூடியது.

வேறு நாடுகள் இத்திறவுகோலை எங்கே வைத்திருக்கின்றன? ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தில் 39ஆம் பிரிவு, கூட்டத்தை எப்போது முடிப்பது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவையே தீர்மானிக்கும் என்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால், அவைத் தலைவர் முன்னதாகவே கூட்டியாகவேண்டும். பிரான்சு நாட்டிலோ, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும் ஒரே நீண்ட கூட்டத்தொடர் என்று அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாடு திறவுகோலை உறுப்பினரிடம் தந்தது. மற்றொன்று நாட்காட்டியையே அரசியலமைப்பில் பொறித்துவிட்டது.

நம் அரசியலமைப்பை இயற்றியவர்களும் இதை எண்ணாமல் இல்லை. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, குடியரசுத் தலைவர் கூட்டத் தவறினால் அவைத் தலைவர்களே கூட்டுவதற்கு அதிகாரம் வேண்டும் என்றார் பேராசிரியர் கே. டி. ஷா. டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பழைய காலத்துச் சட்டசபைகளைப் போல் அல்லாமல், மக்களுக்குப் பொறுப்பான எந்த அமைச்சரவையும் அவையைப் புறக்கணிக்கத் துணியாது என்று அவர் நம்பினார். உறுப்பினர்களே சலித்துப்போகும் அளவுக்குக் கூட்டங்கள் அடிக்கடியும் நீண்டும் நடக்குமோ என்பதே தம் அச்சம் என்றும் சொன்னார். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் கடக்கலாகாது என்ற வரம்பு மட்டும் 85ஆம் பிரிவில் நிலைத்தது. மாநிலங்களுக்கு அதே வரம்பை 174ஆம் பிரிவு விதிக்கிறது.

அம்பேத்கர் அஞ்சியபடி நடந்ததா? எண்கள் விடை சொல்லட்டும். 1952இல் தொடங்கிய முதல் மக்களவை ஐந்து ஆண்டுகளில் 677 நாட்கள் கூடியது. 2019இல் தொடங்கி 2024இல் முடிந்த பதினேழாவது மக்களவை கூடியது 274 நாட்கள். கொள்ளைநோய்க் காலம் இடையே வந்தது என்பதும் உண்மை. ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அமர்வு நாட்கள் குறைந்துவந்தன. சலிப்பு வரும் அளவுக்கு அவை கூடும் என்று அஞ்சினார் மேதை. ஓய்வே நீண்டு, அமர்வு அதன் இடைவேளையாகச் சுருங்குமோ என்று நாம் அஞ்சவேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், ஓய்வுக்காலத்தைக் குறிப்பதற்கு நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, அது நாட்டின் பருவத்துக்கும் மக்களின் வாழ்க்கைக்கும் ஒத்து வரவேண்டும். வெள்ளமும் வறட்சியும் வரும் மாதங்களில் அவை உறங்கலாகாது. இரண்டாவது, ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். உங்கள் கல்லூரியில் தேர்வு நாளையும் விடுமுறை நாளையும் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்காமல், முதல்வர் தம் விருப்பம்போல் அவ்வப்போது அறிவித்தால் நீங்கள் பொறுப்பீர்களா? மூன்றாவது, ஓய்வின் நீளத்துக்கு ஒரு வரம்பும், அமர்வு நாட்களுக்கு ஒரு குறைந்த அளவும் இருக்கவேண்டும். நான்காவது, ஆபத்து வந்தால் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரே அவையைக் கூட்டிக்கொள்ளும் வழி திறந்திருக்கவேண்டும். முதல் மூன்றும் நன்கு அமைந்து நான்காவது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1939ஆம் ஆண்டின் அந்த ஆகஸ்டு மாதம் காட்டுகிறது.

இந்த அளவுகோல்கள் எவையும் செலவு மிகுந்தவை அல்ல. ஒரு நாட்காட்டியும், விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் போதும். அவற்றைக் கேட்டுப் பெறும் மக்கள்தாம் வேண்டும். அடுத்த முறை பாராளுமன்றமோ சட்டமன்றமோ ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தியைக் காணும்போது, அதைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். எந்த நாள் வரை, யாருடைய முடிவால், எந்த வேலையை முடிக்காமல் என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். நாளை அந்த இருக்கைகளில் அமரப் போகிறவர்களும், அங்கே அமர்பவர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களும் நீங்களே அல்லவா?